இசைத்தட்டில் ஏறிய ஒப்பாரி

தோற்றுவாய்

நாட்டு மக்கள் வாய்மொழியாகப் பாடிவந்த பாடல்களைக் கற்றோர் தம் ஆக்கங்களில் ஏற்றுக்கொள்ளுதல் தமிழில் இன்று நேற்று எழுந்த வழக்கன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் பண்ணத்தி என்றொரு வகையை வகுத்துக் கூறினார். இளங்கோவடிகள் நெய்தல்நிலப் பாடலையும், வேட்டுவர் வரியையும், ஆய்ச்சியர் குரவையையும், மலைவாழ் குறவர் ஆடிய குன்றக் குரவையையும், நெல் குற்றும் மகளிரின் வள்ளைப் பாட்டையும் தம் காப்பியத்துள் அமைத்தார். ஏற்றம் இறைப்போரும் நெல் இடிப்போரும் பாடும் பாட்டில் உள்ளம் தோய்ந்த செய்தியைப் பாரதியார் குயிற்பாட்டிற் குறித்தார். ஆயினும், இவ்வேற்பு நிகழுந்தோறும் ஒரு வினாவும் உடன் எழுகின்றது. மக்கள் வாயிலிருந்து புலவன் கைக்கு வரும்போது பாட்டு எதனைப் பெறுகின்றது? எதனை இழக்கின்றது? அதனை முதலிற் பாடிய வாய்க்குரிய கடன் எவ்வாறு தீர்க்கப்படுகின்றது?

ஏட்டில் நிகழ்ந்த இவ்வேற்பு இக்காலத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிகழ்கின்றது. ஆகவே அப்பழைய வினாவை இசைத்தொகுதி என்னும் புதிய வடிவத்தின் முன் வைத்து ஆராய்தல் வேண்டும். தமிழ்நாட்டு இசைக் குழுவினரும் அவரைச் சார்ந்தோரும் 2018 முதல் 2024 வரையில் வெளியிட்ட மூன்று ஆக்கங்கள் இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் இடந்தருகின்றன. அவற்றுள் பின்னைய இரண்டின் வேர் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் ஊன்றியிருத்தலின், நானுஓயாவிலும் அட்டனிலும் தலவாக்கலையிலும் வாழ்வோர்க்கு அவை அயலார் பாட்டு அல்ல.

இசைத்தொகுதி என்னும் வடிவம்

நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் முறைக்குச் சற்று மேலாகச் சுழலும் நெடுநேர இசைத்தட்டை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948ஆம் ஆண்டில் வெளியிட்டது. முன்னைய தட்டின் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடங்களுக்கு மேற் கொள்ளாது. புதிய தட்டின் ஒவ்வொரு பக்கமும் இருபது நிமிடங்களுக்கு மேற் கொண்டது. அதனால் பல பாடல்களை ஒரு கருத்தின்கீழ்க் கோத்து ஒரே ஆக்கமாக அமைக்கும் வாய்ப்பு உண்டாயிற்று. 1960களில் றொக் இசைக் குழுவினர் இவ்வாய்ப்பை நன்கு பயன்படுத்தினர். அவர் கையில் இசைத்தொகுதி உதிரிப்பூக்களின் குவியலாக இல்லாமல் தொடுத்த மாலையாயிற்று. தட்டுப் போய், நாடா வந்து, அதுவும் போய், இன்று எண்முறை ஒலிப்பதிவு வந்துவிட்டபோதும் தொகுதி என்னும் கருத்து மறையவில்லை.

பிரான்சு நாட்டின் மாலிக்கோர்ன் என்னும் குழு ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. கப்ரியேல் யக்கூப், மரி யக்கூப் என்போர் 1973ஆம் ஆண்டில் அதனை அமைத்தனர். பிரெஞ்சு நாட்டுப்புறத்துப் பழம்பாடல்களை எடுத்து, சக்கரம் சுழற்றி நரம்பை ஒலிக்கச் செய்யும் பழங்கருவியையும் மின்சாரக் கிற்றாரையும் அருகருகே வைத்து அவர்கள் பாடினர். 1976இல் வெளிவந்த 'அல்மனாக்' என்னும் அவர்தம் தொகுதி, பெயருக்கேற்பப் பஞ்சாங்கம் போன்றது. ஆண்டின் மாதங்களை வரிசையாகப் பின்பற்றி அதன் பாடல்கள் அமைந்தன. உழவர் வாழ்வின் ஆண்டுச் சுற்று ஒரு தட்டின் சுற்றாயிற்று. வாய்மொழிப் பாட்டைக் கூடத்திற்குக் கொண்டுவருவோர், அப்பாட்டு வாழ்ந்த சூழலின் ஒழுங்கையும் உடன் கொண்டுவருதல் கூடும் என்பதற்கு இது தக்க சான்று. அப்பாடல்களை முதலிற் பாடிய உழவரின் பெயர் மட்டும் தொகுதியில் இல்லை. அப்பெயர்களைக் காலம் முன்னரே விழுங்கிவிட்டது. தமிழ்க் குழுக்களின் நிலை இவ்விடத்தில் வேறுபடுகின்றது. அவர் பாட்டைத் தந்த பாட்டிமார் பலர் இன்னும் நினைவில் உள்ளவர்கள்; பெயர் சொல்லக்கூடியவர்கள்.

மலைநாட்டுப் பாடலின் இயல்பு

இனி, மலைநாட்டு வாய்மொழிப் பாடல் எத்தன்மையது என்பதைச் சுருங்கக் காண்டல் தகும். வட்டகொடையைச் சேர்ந்த மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டந்தோறும் வழங்கிய பாடல்களைத் தேடித் தொகுத்தார். அத்தொகுப்பு 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் பெயரால் 1983இல், அவர் மறைவதற்கு முந்திய ஆண்டில், வெளிவந்தது. தாலாட்டும், காதற் பாட்டும், கும்மியும், தொழிற் பாட்டும், கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் எள்ளும் பாட்டும், ஒப்பாரியும் மலைநாட்டார் வாயிற் பயின்றவை. தமிழ்நாட்டு நாட்டுப்பாடல்களோடு இவற்றுக்குள்ள உறவு வெளிப்படை. மெட்டும் சந்தமும் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவை. சொற்களோ இம்மலையில் முளைத்தவை. பிரட்டுக்களம், கொழுந்து, லயம், துண்டு, பேர், அரைப்பேர் என்னும் சொற்கள் தோட்ட வாழ்வுக்கே உரிய பொருளில் இப்பாடல்களில் வரும். ஒரு நாட் கூலி 'ஒரு பேர்' என வழங்கும் இடத்தில், பெயர் என்னும் சொல்லே உழைப்பின் அளவாகிவிடுகின்றது. பெயரைப் பற்றிய இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

இசைக்கருவி பற்றியும் ஒரு குறிப்பு இன்றியமையாதது. தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைக்கத் தப்பு முழங்கியது. அதே தப்பு திருவிழாவில் சாமியை அழைத்தது. காமன் கூத்தில் இரதியையும் மன்மதனையும் ஆட்டியது. சாவு வீட்டில் இறந்தவரை வழியனுப்பியது. ஒரே தோல், ஒரே குச்சி. வேலைக்கும் விழாவுக்கும் சாவுக்கும் அடி மட்டுமே வேறுபட்டது. கேட்போர் அடியைக் கொண்டே செய்தியை அறிந்தனர்.

மலைநாட்டில் பாடல் அரசியற் கருவியாகவும் விளங்கியது. 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்த கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை, கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். அவருடைய 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாட்டுப் புத்தகம் 1940இல் வெளிவந்தது. மக்கள் அறிந்த மெட்டில் மக்கள் அறியவேண்டிய செய்தியைப் பாடும் முறை அது. எனவே, பின்னாளில் சென்னையில் ஓர் இசைக்குழு அம்முறையைக் கையாண்டபோது மலைநாட்டார்க்கு அது முற்றும் புதுமையாகத் தோன்றியிராது.

சென்னைக் குழுவும் 'மகிழ்ச்சி'யும்

'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு 2018ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறையாக மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அக்குழுவில் பத்தொன்பதின்மர் இடம்பெற்றனர். சாதியற்றோர் என்னும் பொருள்படும் அப்பெயர், அயோத்திதாச பண்டிதரின் (1845–1914) சிந்தனையிலிருந்து எடுக்கப்பட்டது. அப்பண்டிதர் 1898இல் கொழும்புக்கு வந்து பௌத்தம் தழுவியவர் என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

அக்குழுவின் முதல் தொகுதி 'மகிழ்ச்சி' என்னும் பெயரோடு அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அதன் அடிப்படை வடசென்னையில் வழங்கும் கானா. பறை, சட்டி, கட்டமோளம் ஆகியவற்றின் ஒலி மின்சாரக் கிற்றாரோடும் மேலைநாட்டு முரசுத் தொகுதியோடும் அதிற் கலந்தது. கானாவின் இடையே 'ராப்' எனப்படும் விரைவுப் பேச்சிசையும் வந்தது. அம்பேத்கரைப் போற்றும் பாட்டும், இட ஒதுக்கீட்டின் நியாயத்தை எடுத்துரைக்கும் பாட்டும் அக்குழு பாடியவற்றுட் புகழ் பெற்றவை.

தொகுதியின் பெயரை உற்றுநோக்குதல் வேண்டும். கானாவின் பிறப்பிடங்களுள் ஒன்று சாவு வீடு. இறந்தவரின் உடல் கிடக்கும் இரவில், உறவினரைத் துயிலாது காக்கவும் இறந்தவரின் வாழ்வைச் சொல்லவும் பாடகர் விடியுமளவும் பாடுவர். அவ்வகையைச் சென்னையில் மரண கானா என்பர். சாவின் அருகே வளர்ந்த பாட்டிலிருந்து எழுந்த தொகுதிக்கு 'மகிழ்ச்சி' என்று பெயரிட்டது முரண்போலத் தோன்றும். முரண் அன்று. மலைநாட்டிலும் சாவு வீட்டில் தப்பு முழங்கும்போது ஆடுவோர் உளர். இழிவு செய்யப்பட்ட மக்கள் தம் துயரை மறைவாக அழுது தீர்ப்பதை விட்டு, ஊரறிய முழக்கும்போது அம்முழக்கில் தலைநிமிர்வு பிறக்கின்றது. அதனையே அக்குழுவினர் மகிழ்ச்சி என்றனர். இம்மகிழ்ச்சி துயரை மறந்தவிடத்து வருவதன்று. துயரைச் சொல்லி முடித்தவிடத்து வருவது. பின்வந்த பாட்டை அளப்பதற்கும் இதுவே கோலாகும்.

குழுவின் குறையும் ஒன்று உண்டு. கானாவின் உயிர் பாடுவோனின் நிறுத்தத்திலும் இழுப்பிலும் உள்ளது. மேலைநாட்டு முரசின் ஒழுங்கான அடி, சிலவிடங்களில் அவ்விழுப்பைத் தனக்கேற்றவாறு அறுத்துவிடுகின்றது. பத்தொன்பதின்மர் ஒருங்கே முழக்கும்போது கருத்து உரக்க ஒலிக்கின்றது. தனிக்குரலின் நெளிவு மறைகின்றது. இசைவாணி போன்றோர் தனித்துப் பாடும் இடங்களில் அந்நெளிவு மீள்கின்றது. கானாவை ஆடவர்க்கே உரியதாகக் கருதிய வழக்கின் நடுவே ஒரு பெண்குரல் அதனைப் பாடியமையும் அக்குழுவின் சிறப்புகளுள் ஒன்றாகும்.

தோட்டமும் சாமியும்

இக்குழுவில் பாடியவர்களுள் ஒருவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. அவர் எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடி, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில் 2021ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்னும் தனிப்பாடல், பல கோடி முறை கேட்கப்பட்டு உலகெங்கும் பரவியது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழ்நாடு திரும்பியவர் என்பதையும், பாட்டின் கரு அவரிடம் கேட்டவற்றிலிருந்து எழுந்தது என்பதையும் அறிவு கூறியுள்ளார்.

பாட்டின் பெயரிலேயே அதன் உத்தி விளங்குகின்றது. 'என் சாமி' என்னும் தொடர் வாய்வழக்கில் 'எஞ்சாமி' எனத் திரிகின்றது. அதன் ஒலிச் சாயலிலேயே ஆங்கிலத்தின் 'என்ஜாய்' வந்து இணைகின்றது. செவிக்கு இன்பம் தருவதோடு இவ்விணைப்பு நின்றுவிடவில்லை. பாட்டி பேரனைக் கொஞ்சும்போது 'சாமி' என்கிறாள். அதே சொல்லால் உழைப்போர் நிலமுடையோரைக் கைகட்டி அழைத்த காலம் ஒன்று இருந்தது. மேலோனுக்குக் கொடுத்த சொல்லை மீட்டு மடியிலிருக்கும் குழந்தைக்குக் கொடுத்தல் சிறு செயலன்று. மேல்நோக்கிச் சென்ற பணிவு கீழ்நோக்கி அன்பாகத் திரும்புகின்றது. பாட்டின் நுட்பங்களுள் இதுவே தலையாயது.

அடுத்து நோக்கத் தக்கது 'தோட்டம்' என்னும் சொல். பாட்டின் நடுவே ஒப்பாரி மெட்டில் அமைந்த பகுதி ஒன்று வருகின்றது. மரங்களை வளர்த்துத் தோட்டத்தைச் செழிக்கச் செய்தவர்க்கு அச்செழிப்பின் பயன் கிட்டவில்லை என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் இதனைக் கேட்போர்க்குத் தோட்டம் என்பது வீட்டின் பின்புறமோ கிணற்றடி நிலமோ ஆகலாம். மலைநாட்டார்க்கோ அச்சொல் பல நூறு ஏக்கர்த் தேயிலையையும், தொழிற்சாலையையும், லயத்தையும், துரையின் பங்களாவையும் ஒருங்கே குறிக்கும். பிறந்த ஊரைக் கேட்டால் மலைநாட்டார் தோட்டத்தின் பெயரையே சொல்வர். ஒரே சொல் ஒரு கரையில் எளிய உவமையாகவும் மறு கரையில் நேரான வரலாறாகவும் ஒலிக்கின்றது. அறிவின் பாட்டு இரு கரைக்கும் உரியதாதல் இச்சொல்லால் நிகழ்ந்தது.

எனினும் பாட்டில் தேயிலை கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் நிலம் பெரும்பாலும் வயலும் காடும் கரையுமாகிய தமிழ்நாட்டு நிலமே. உயிரினங்களையும் முன்னோரையும் விதையையும் மண்ணையும் அழைத்து, உலகம் எல்லா உயிர்க்கும் பொது என்று கூறும் பெரும்பொருளை நோக்கி அது விரைகின்றது. அவ்விரைவில் பனியும், அட்டையும், கொழுந்துக் கூடையின் கயிறும், நெற்றியில் அக்கயிறு பதித்த தழும்பும் விடுபட்டன. பொதுமை நோக்கிய பாட்டுக்கு இது இயல்பாக நேரும் இழப்பு. பாட்டின் குற்றமாக இதனைக் கொள்ளாவிடினும், மலைநாட்டு வாழ்வை முழுதும் பாடிவிட்ட பாட்டாக இதனைப் புகழ்தலும் பொருந்தாது.

உயிரோடுள்ளார்க்குப் பாடிய ஒப்பாரி

இப்பாட்டின் ஒப்பாரிப் பகுதியை மதிப்பிட மலைநாட்டு வரலாற்றின் ஓர் அதிகாரத்தை நினைவுகூர்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கிட்டு, அவருள் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கும் உரியவர் என வகுத்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. இலங்கையிற் பிறந்து வளர்ந்து, இந்தியாவைக் கண்ணாற் கண்டிராதோரும் 'தாயகம் திரும்புவோர்' எனப் பெயர் பெற்றனர். இங்கு எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலே நிறைவேறியது.

சென்றோர் புகையிரதத்திலேறித் தலைமன்னார் வரை சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் அடைந்தனர். மலைநாட்டார் புகையிரதத்தைக் கோச்சி என்பர். அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் வந்தது. 1885இல் இருப்புப்பாதை எட்டிய நானுஓயா முதலாக, மலைநாட்டு நிலையங்கள் பலவும் தம் மேடைகளில் அவ்வழுகையைக் கேட்டன. ஒப்பாரி இறந்தார்க்கு உரியது. அம்மேடைகளிலோ உயிரோடு செல்வாரை நோக்கி உயிரோடு நிற்பார் அரற்றினர். அக்காள் கோச்சியில், தங்கை மேடையில். மகன் கோச்சியில், தாய் மேடையில். இனிக் காண்டல் அரிது என்பதை இருபாலாரும் அறிந்திருந்தனர்.

தமிழ் இலக்கியத்தில் இதற்கு முன்னோடி இல்லாமற் போகவில்லை. பாரி மாய்ந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பை நீங்கிய கபிலர், அம்மலையை நோக்கிக் கண்ணீரோடு விடைகொண்ட பாடல் புறநானூற்றில் உள்ளது. ஆண்டு இறந்தவன் பாரி, விடைபெறப்படுவதோ மலை. மனிதனுக்கு உரிய கையறுநிலை அவன் வாழ்ந்த மலைக்கும் உரியதாகின்றது. அழுகைக் கோச்சியின் சாளரம் வழியே தேயிலை மலை பின்னோக்கி மறையக் கண்டவர் நின்றதும் கபிலர் நின்ற இடமே.

இப்பின்னணியோடு கேட்கும்போது 'என்ஜாய் எஞ்சாமி'யின் ஒப்பாரிப் பகுதி வெறும் அணியாகத் தோன்றாது. சென்றவரின் பேரன், சென்றவர் விட்டுப்போன மலையை நோக்கித் திரும்பிப் பாடும் பாடலாக அது ஒலிக்கின்றது. குறையும் ஈண்டே தோன்றுகின்றது. அப்பகுதி நெடிது நிற்பதில்லை. உழைப்பவளின் மூச்சு முட்டி, சொல் அறுந்து, மீண்டும் தொடங்கும் தன்மையே ஒப்பாரியின் இலக்கணம். கூடத்தின் ஒலிப்பதிவில் மூச்சின் அறுகை இல்லை. நடன நடை விரைந்து வந்து ஒப்பாரியைத் தன்னுள் இழுத்துக்கொள்கின்றது. துயரைச் சொல்லி முடித்தபின் வரும் மகிழ்ச்சிக்கும், துயர் முடியுமுன் வரும் மகிழ்ச்சிக்கும் வேறுபாடு உண்டு. 'மகிழ்ச்சி' என்னும் தொகுதி முன்னதை நாடியது. இப்பாட்டு சிலவிடங்களில் முன்னதையும் சிலவிடங்களில் பின்னதையும் எய்துகின்றது. கோடிக்கணக்கானோர் ஆடினர் என்பது இரண்டாவதன் பயன். மலைநாட்டு முதியோர் சிலரேனும் ஆடாமல் கேட்டிருப்பின் அது முதலாவதன் பயன்.

பெயரும் கடனும்

பாட்டு பரவியபின் அதனை ஆக்கியவர் யார் என்னும் வினா பொதுவெளியில் எழுந்தது. 2021 ஆகஸ்டில் இசையிதழ் ஒன்றின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறாமை குறித்துக் கண்டனம் எழுந்தது. 2022ஆம் ஆண்டு சூலை 28ஆம் நாள் சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றி அப்பாட்டுப் பாடப்பட்டது. அதன்பின் ஆக்கத்தில் தமக்குள்ள பங்கை அறிவு எடுத்துரைத்தார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தத்தம் விளக்கத்தை வெளியிட்டனர். பாட்டால் தமக்கு வருவாய் ஏதும் கிட்டவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் தெரிவித்தார். இவற்றுட் புகுந்து தீர்ப்புக் கூறுதல் திறனாய்வின் வேலையன்று. ஆனால் இச்செய்தி ஓர் உண்மையை விளக்குகின்றது. ஒலிப்பதிவு என்னும் தொழிலில் பெயரே உடைமை. எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர், வெளியிட்டவர் என ஒவ்வொருவர்க்கும் ஒரு வரி உண்டு. வாய்மொழி மரபில் அவ்வரிகள் இல்லை. ஒப்பாரியை யார் இயற்றினார் என்று எந்தச் சாவு வீட்டிலும் எவரும் கேட்பதில்லை. இவ்விரு முறைகளும் எதிர்ப்படும் இடத்தில், வரிகளுக்காகக் கூடத்திலுள்ளோர் வழக்கிடும்போது, கூடத்துக்கு வெளியே நிற்கும் பாட்டியின் பங்கு எந்த வரியிலும் அடங்காது போகின்றது.

இந்நிலையில் அறிவு 'தி அம்பாசா' என்னும் தம் குழுவோடு 2024இல் வெளியிட்ட தொகுதியின் பெயர் பெரிதும் சிந்திக்கத் தக்கது. 'வள்ளியம்மா பேராண்டி' என்பது அப்பெயர். பேராண்டி என்றால் பேரன். கலைஞன் தன் தொகுதிக்குத் தன் பெயரை இடுவது வழக்கம். ஈண்டோ அவன் தன்னைப் பாட்டியின் உறவால் மட்டுமே குறித்துக்கொள்கின்றான். உடைமை கூறும் வேற்றுமை பாட்டியின் பெயரைச் சார்ந்து நிற்கின்றது: வள்ளியம்மாவுக்குப் பேரன் உரியவன், பேரனுக்குப் பாட்டு உரியது. உரிமையின் வரிசை இவ்வாறு தலைகீழாக எழுதப்படுகின்றது. மாலிக்கோர்ன் குழுவினர்க்குக் கிட்டாத வாய்ப்பு இது. பழம்பாடல் என்னும் பொதுப் பெயருக்குப் பின்னே ஒரு மூதாட்டி இருக்கிறாள், அவளுக்குப் பெயர் உண்டு, அப்பெயர் தொகுதியின் நெற்றியிலேயே உண்டு.

ஒரு நாட் கூலியைப் 'பேர்' என்று கூறிய தோட்டத்தை ஈண்டு மீண்டும் எண்ணுதல் தகும். வள்ளியம்மாள் போன்றோரின் பெயர் செக்றோலில் நாள்தோறும் எழுதப்பட்டது. எடுத்த கொழுந்து போதாத நாளில் அப்பெயர் அரையாயிற்று. இறுதியில் நாடு கடக்கும் பட்டியலில் எழுதப்பட்டது. கணக்குக்காக மட்டுமே எழுதப்பட்டு வந்த பெயர், இப்போது பாட்டுக்காக எழுதப்பட்டிருக்கின்றது. இசையின் நயம் எவ்வாறாயினும், இவ்வொரு செயலால் அத்தொகுதி தமிழிசை வரலாற்றில் இடம்பெறும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். ஒலிப்பதிவுக் கூடம் வாய்மொழிப் பாட்டைக் கெடுப்பது என்னும் கூற்று முழுதும் உண்மையன்று. பாட்டின் இயல்பான வடிவம் முன்னே நடக்கக் கூடம் பின்னே செல்லுமாயின் பாட்டு வலிமை பெறுகின்றது. துயர்ப்பாட்டிலிருந்து மகிழ்ச்சியைப் பிறப்பித்தல் தமிழர்க்குப் பழகிய நெறி. ஆயின் துயர் சொல்லி முடியுமளவும் மகிழ்ச்சி காத்திருத்தல் வேண்டும். பாட்டைத் தந்த வாய்க்குரிய கடன், பெயரை வெளிப்படக் கூறுதலால் ஓரளவேனும் தீரும்.

மூன்றாவது முடிபு கல்லூரியிலும் பள்ளியிலும் பயில்வோர்க்கு ஒரு கடமையையும் உணர்த்துகின்றது. சென்றவரின் பேரன் பாடிவிட்டான். நின்றவரின் பேரரும் பேர்த்தியரும் மலைநாட்டிலேயே உள்ளனர். 1823இல் தொடங்கிய வரலாற்றின் இருநூறாவது ஆண்டை நினைந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் நடந்த வழியை அவ்வாறு கால்கள் நினைவுகூர்ந்தன. அவர் பாடிய பாட்டையும் செவிகள் நினைவுகூர்தல் வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோறும் சென்று காதாற் கேட்டுக் கையால் எழுதிய காலத்தில் ஒலிப்பதிவு அரிய பொருள். இன்று அது ஒவ்வொரு மாணவரின் சட்டைப் பையிலும் இருக்கின்றது. நாட்டுப்பாடல் தொகுப்புகள் பலவற்றில் பாட்டு உண்டு, பாடியவர் பெயர் இல்லை. இனித் தொகுப்போர், பாட்டின் தலையில் பாடியவர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், பாடிய ஆண்டையும் எழுதுவாராக. தாலாட்டாயினும் ஒப்பாரியாயினும் அதனைப் பாடிய மூதாட்டிக்கு அங்கேனும் முழுப்பேர் விழவேண்டும்.